போசாக்கு ஆலோசனைக்கு யாரிடம் போவது? வாகரை மக்களுக்கான ஒரு வழிகாட்டி

வாகரையில் போசாக்கு பற்றிப் புத்தி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. கடைக்காரர் பால்மாப் பேணியை எடுத்துக் காட்டுகிறார். கனடாவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் காணொளி அனுப்புகிறார். "மூன்று மாதத்தில் சீனி வருத்தம் மாறும்" என்று சொல்லி ஒருவர் பொடிப் பேணியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார். பிள்ளை மெலிந்தால் ஒரு வைத்தியம், பெரியவர் கொழுத்தால் இன்னொரு வைத்தியம் என்று அயலவர்களும் சொல்கிறார்கள். இவ்வளவு பேச்சுக்கு நடுவில், சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்கிற, எதையும் விற்காத, தமிழில் பேசுகிற அரச சுகாதார உத்தியோகத்தர் சொல்வது காதில் விழாமல் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரைக்காகக் கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தில் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல வீடுகளில் பேசினேன். நான் வைத்தியம் படிக்கவில்லை, ஊடகம் படித்தவர். ஆகவே என்ன சாப்பிட வேண்டும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எந்தப் பிரச்சினைக்கு எவரிடம் போக வேண்டும், அவர் அதற்குத் தகுதியானவரா என்பதை எப்படி அறிவது, எவரிடம் காசு கொடுக்கக் கூடாது என்பவைதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

ஏன் இது வாகரைக்கு முக்கியம்

2004 டிசம்பரில் கடல் இந்தக் கரையை அடித்தது. இரண்டு வருடம் கழியுமுன் யுத்தம் திரும்பி வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனபோது, மக்கள் ஏற்கனவே வாரக்கணக்கில் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்து, பின்னர் முகாம்களுக்குப் போனார்கள். அந்த நாட்களில் ஐந்து, ஆறு வயதில் இருந்த பெண் பிள்ளைகள் இன்று தாய்மார். சிறு வயதில் பட்ட பசி உயரத்தில் தெரியும். அது அடுத்த பிள்ளையின் பிறப்பு நிறையிலும் தெரியக்கூடும். இங்கே மந்தபோசணை ஒரு தலைமுறையோடு முடிகிற விடயம் அல்ல.

நாடு முழுவதற்குமான கணக்கும் நல்லதாக இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள், 21 வீதமானோர் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். அதன் பிறகு 2022 வந்தது. அந்த வருட செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாளாந்தக் கூலி, களப்பு மீன்பிடி, கச்சான், சோளன் என்று வாழ்கிற குடும்பங்களில் சட்டியில் இருந்து முதலில் குறைந்தது பருப்பும் முட்டையும் மீனும்தான்.

காசு குறைவாக உள்ள இடத்தில் பிழையான ஆலோசனைக்கு விலை அதிகம். ஒரு தாய் என்னிடம் சொன்னது: "மிட்வைஃப் அம்மா கோடு கீழ வாறதக் காட்டினவ. நான் பால்மா வாங்கிக் குடுத்தாச் சரி வரும் எண்டு நினைச்சன். ரெண்டு மாசம் கடன்பட்டு வாங்கினன்." பிள்ளையின் நிறை கூடவில்லை. காரணம் பிறகுதான் தெரிய வந்தது. பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வந்திருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது வைத்தியரும் சுத்தமான தண்ணீரும்.

முதலில் போக வேண்டிய ஆள்: குடும்பநல உத்தியோகத்தர்

ஊரில் "மிட்வைஃப்" அல்லது "மருத்துவ மாது" என்று அழைக்கப்படும் குடும்பநல உத்தியோகத்தர்தான் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் முதல் ஆலோசகர். ஏறக்குறைய 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்படுபவர். ஒன்றரை வருடப் பயிற்சி பெற்றவர். வீட்டுக்கே வருபவர். ஒரு சதமும் கேட்காதவர். இலங்கையில் இந்த முறை 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவோடு வளர்ந்தது. நூறு வருடப் பழக்கம் உள்ள சேவை என்பதால் அதை லேசாக எண்ணக் கூடாது.

அவர் செய்கிற வேலையில் பெரியது, நிறையை அளந்து வளர்ச்சிப் பதிவேட்டில் குறிப்பது. இரண்டு வயது வரை மாதம் ஒரு முறை, அதன் பிறகு ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒரு மாத நிறையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா, கீழே இறங்குகிறதா என்பதுதான் செய்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு "நம்மட பிள்ளை சின்னன்" என்று கவலைப்படுவதைவிட, அந்தக் கோட்டைக் காட்டி "போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பது பயனுள்ளது.

திரிபோஷா, விற்றமின் ஏ, நுண்போசணைத் தூள், கர்ப்பகால இரும்புச்சத்து மற்றும் போலிக் அமில மாத்திரைகள், கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவுக்கான பதிவு என்று எல்லாம் இவர் வழியாகத்தான் வரும். திரிபோஷா 1973இல் தொடங்கிய திட்டம். சக்தி, புரதம், நுண்போசணை என்ற மூன்றையும் குறித்து வந்த பெயர் அது. சோளமும் சோயாவும் சேர்ந்த மா. மெலிந்த பிள்ளைக்கு என்று தரப்படும் பைக்கற்றை வீட்டில் உள்ள எல்லோரும் பங்கிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சரிவராது. ஆனால் பங்கிட வேண்டிய நிலை வீட்டில் இருக்கிறதென்றால் அதை மறைக்காமல் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். "குடுக்கிறன், குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டால், கொடுத்தும் நிறை ஏறவில்லை என்று அவர் பிழையான முடிவுக்கு வருவார்.

உங்கள் பிரிவுக்கு மிட்வைஃப் இல்லை என்றால் என்ன செய்வது? பதவி வெற்றிடமாக இருந்தால் பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தர் பதில் கடமை பார்ப்பார். அவர் யார் என்பதை வாகரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அறியலாம். கட்டுமுறிவு, மதுரங்கேணிக்குளம் போன்ற உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அங்கிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர், கிளினிக் நாளை முன்கூட்டி அறிந்து வர வேண்டும். ஜூன் மாதம் தேசிய போசாக்கு மாதம். அந்த மாதத்தில் பிள்ளைகளின் நிறை, உயரம் பரவலாக அளக்கப்படும். வேறு மாதங்களில் தவறவிட்டவர்கள் அதையாவது தவறவிடக் கூடாது.

அடுத்த படி: வைத்தியர்

மிட்வைஃப் எல்லாவற்றுக்கும் தீர்வு சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது. கோடு தொடர்ந்து இறங்கினால் அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம், அதாவது எம்.ஓ.எச்.சிடம், அனுப்ப வேண்டும். அங்கிருந்து தேவைப்பட்டால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். கடுமையான மந்தபோசணை உள்ள பிள்ளைக்குத் தரப்படும் பிபி-100 என்ற விசேட உணவும் வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியது. அது பிஸ்கட் போல இருப்பதால் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அது மருந்து போன்றது, விற்கவோ பங்கிடவோ கூடாது.

பிள்ளைகள் விடயத்தில் சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு பாதங்களும் வீங்கியிருத்தல், பிள்ளை பால் குடிக்க அல்லது சாப்பிட முடியாமல் இருத்தல், எல்லாவற்றையும் சத்தி எடுத்தல், சோர்ந்து கண் திறக்காமல் கிடத்தல், ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைதல் ஆகியவை அவை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பெரியவர்கள் விடயத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. மெலிவு எல்லாம் சாப்பாட்டுக் குறை என்று எண்ணி "சத்து மா" வாங்குகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு என்றால் சளியைச் சோதிக்க வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். அரச வைத்தியசாலையில் அதற்கான மருந்து இலவசம். அடிக்கடி சிறுநீர், தாகம், மெலிவு என்றால் இரத்தத்தில் சீனியைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு முதல் எந்தப் போசாக்கு ஆலோசனையும் இருட்டில் கல்லெறிவது போன்றதுதான்.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை எப்போதும் மருந்தோடு சேர்ந்தது. இன்சுலின் அல்லது சீனி மாத்திரை பாவிக்கிறவர் ஒருவர் சொன்னார் என்று திடீரெனச் சோற்றை விட்டால், சீனி மிகவும் இறங்கி மயங்கி விழலாம். வெருகல் முருகன் கோவில் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்கள் பலர். விரதம் தொடங்குமுன் கிளினிக் வைத்தியரிடம் "இந்த நாட்களில் மாத்திரையை எப்படி எடுப்பது?" என்று கேளுங்கள். விரதத்தைக் குறைசொல்லாமல் அதற்கேற்ப மருந்து நேரத்தை மாற்றித் தரும் வைத்தியர் நல்ல வைத்தியர்.

ஒரே உணவு ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஆபத்து என்பதற்குச் சிறுநீரக நோய் நல்ல உதாரணம். இரத்தச் சோகை உள்ள கர்ப்பிணிக்கு முருங்கையிலைச் சுண்டல் நல்லது. சிறுநீரகம் முற்றாகப் பழுதடைந்த ஒருவருக்கு, இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால், அதே கீரையை எவ்வளவு, எப்படிச் சமைத்து எடுப்பது என்று அளந்து சொல்ல வேண்டும். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று காமரங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி இலங்கை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "இயற்கையானதுதானே, என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு அதுவே பதில்.

நியூட்ரிஷனிஸ்ட், டயட்டீஷியன்: பெயரை மட்டும் பார்க்காதீர்கள்

மட்டக்களப்பு நகரிலும் இணையத்திலும் இந்தப் பெயர்ப்பலகைகள் கூடி வருகின்றன. மூன்று வகையினரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, போசணைத் துறையில் மேற்படிப்புப் படித்த வைத்தியர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இதற்கான பயிற்சியைக் கொடுக்கிறது. பெரிய வைத்தியசாலைகளில் இப்படியானவர்கள் போசணைப் பிரிவில் கடமையாற்றுகிறார்கள். இவர்களும் மற்ற எல்லா வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். பதிவை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். உங்களுக்கு முடியாவிட்டால் ஏ.எல். படிக்கும் பிள்ளை ஒன்று இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

இரண்டாவது, போசணையைப் பல்கலைக்கழகப் பட்டமாகப் படித்தவர்கள். வயம்ப பல்கலைக்கழகம் போன்றவற்றில் உணவு விஞ்ஞானமும் போசணையும் நான்கு வருடப் படிப்பு. இவர்கள் உணவுத் திட்டம் போட்டுக் கொடுப்பதில் தேர்ந்தவர்களாக இருக்கலாம். ஆனால் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ இவர்களுக்கு அதிகாரம் இல்லை. நல்லவர் உங்கள் கிளினிக் கொப்பியைக் கேட்டுப் பார்த்து, வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்வார்.

மூன்றாவது, சில வார இணையப் பயிற்சிச் சான்றிதழோடு அல்லது அதுவும் இல்லாமல் பெயருக்குப் பின்னால் "நியூட்ரிஷனிஸ்ட்" போட்டுக்கொள்பவர்கள். உடற்பயிற்சி நிலையப் பயிற்றுநர், முகநூல் பிரபலம், பொடி விற்கும் முகவர் என்று பலரும் இதில் அடக்கம். உடல் ஆரோக்கியமாக உள்ள இளைஞர் இவர்கள் பேச்சைக் கேட்டு ஓடினால் பெரிய தீங்கு வராது. வருத்தக்காரர், கர்ப்பிணி, பிள்ளை, வயோதிபர் இவர்களிடம் போகக் கூடாது.

வெளிநாட்டில் இருந்து ஆலோசனை அனுப்பும் உறவினருக்கும் இதையே சொல்லலாம். பிரித்தானியாவில் "டயட்டீஷியன்" என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பெயர். பதிவு இல்லாதவர் அதைப் பாவிக்க முடியாது. "நியூட்ரிஷனிஸ்ட்" என்ற பெயருக்கு அங்கே அப்படியான சட்டப் பாதுகாப்பு இல்லை. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்திலும் டயட்டீஷியன்களுக்கென்று தனியான ஒழுங்குபடுத்தும் சபை உண்டு. அங்கே வாழும் எங்கள் உறவுகள் தங்களுக்கு ஆள் தேடும்போதும் பதிவைக் கேட்க வேண்டும். மேலும், ரொறன்ரோவில் உள்ள ஒருவருக்கு அவரது இரத்தச் சோதனையைப் பார்த்துச் சொன்ன உணவு முறையை வாகரையில் உள்ள தாய்க்கு அனுப்பி வைப்பது, ஒருவரின் கண்ணாடியை மற்றவருக்குப் போட்டுவிடுவது மாதிரி.

சித்த வைத்தியரும் பத்தியமும்

எங்கள் வீடுகளில் சாப்பாடும் மருந்தும் ஒன்றோடொன்று கலந்தவை. பிள்ளை பெற்றவருக்குச் சரக்குக்கறி வைக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. அதைக் கைவிடச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பத்தியம் என்ற பெயரில் மாதக்கணக்கில் கீரை, முட்டை, பழம், மீன் எல்லாவற்றையும் விலக்கி, சோறும் சரக்குமாக மட்டும் பாலூட்டும் தாயை வைத்திருப்பது அவரைத்தான் பலவீனப்படுத்தும். இதில் மாமியாருக்கும் மிட்வைஃபுக்கும் இடையே தாய் மாட்டிக்கொள்கிறார். மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளில் மாமியாரையும் அம்மாவையும் கூடவே இருத்திப் பேசுவது நல்லது. சட்டி அவர்கள் கையில் இருக்கிறது.

சித்த வைத்தியரிடம் போவதென்றால் பதிவு பெற்றவரிடம் போங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் உள்ள ஆயுர்வேத மருத்துவ சபையில் சித்த வைத்தியர்களும் பதிவு செய்யப்படுகிறார்கள். பரம்பரை வைத்தியர்களும் அதில் பதிவு பெற்றிருக்கலாம். அவரிடம் நீங்கள் பாவிக்கும் ஆங்கில மருந்துகளைச் சொல்லுங்கள், ஆங்கில வைத்தியரிடம் நீங்கள் எடுக்கும் சூரணத்தைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மறைப்பவருக்குத்தான் கூடுதல் ஆபத்து.

யுத்தக் காயம் உள்ளவர்கள்

இந்தப் பகுதியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருப்பவர்களுக்கு உணவு ஒரு அன்றாடப் பிரச்சினை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் மூன்றுக்கும் உணவோடும் தண்ணீரோடும் தொடர்பு உண்டு. புண் ஆறுவதற்குப் புரதம் கூடத் தேவை. கால் இழந்தவர் நடமாட்டம் குறைந்து நிறை கூடினால் பொய்க்கால் பொருந்தாமல் போகும். குடலில் காயப்பட்டுச் சத்திரசிகிச்சை செய்தவருக்குச் சில உணவு ஒத்துவராது. இவர்கள் கேட்க வேண்டிய ஆள் தங்களை ஏற்கனவே பார்க்கும் வைத்தியர். அவரிடம் "எனக்குப் போசணைப் பிரிவுக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கலாம். கேட்பது உரிமை. கேட்காவிட்டால் நெருக்கடியான கிளினிக்கில் அது நினைவுக்கு வராமல் போகலாம்.

சாப்பிட மனம் வராமல் இருப்பதும் ஒரு காயம்தான். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பிறந்தநாள் வரும் மாதத்தில் உலை வைக்கவே மனமில்லை என்று சொன்ன ஒரு தாயைச் சந்தித்தேன். அவருக்குச் சத்துமாவும் பசி மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு வேண்டியது உளநலச் சேவை. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

விற்பவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள்

ஒரு எளிய விதி உண்டு: ஆலோசனை சொல்பவர் அந்த ஆலோசனையால் பணம் சம்பாதிக்கிறாரா? ஆம் என்றால், அவர் சொல்வது உண்மையாக இருந்தாலும், விற்காத ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தும் வரை காசு கொடுக்காதீர்கள்.

இந்த விதியை நாடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாய்ப்பாலைப் பாதுகாக்கவும் பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தவும் இலங்கை 1983இலேயே ஒரு கோவையைக் கொண்டுவந்து, 2002இல் அதைத் திருத்தியது. குழந்தைப் பால்மா நிறுவனங்கள் தாய்மாருக்கு மாதிரிப் பைக்கற் கொடுப்பதும் சுகாதார ஊழியர் வழியாக விற்பனை தேடுவதும் கூடாது என்பதுதான் அதன் சாரம். 2016 ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்டதாகத் தெரிந்ததற்கு மிட்வைஃப்மாரின் உழைப்போடு அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால்மா கொடுக்கச் சொல்லி கடைக்காரரோ உறவினரோ சொன்னால், வைத்தியர் எழுதித் தந்தாரா என்று கேளுங்கள்.

வீட்டு வாசலுக்கு வரும் பொடிப் பேணிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. "நீங்களும் ஐந்து பேரைச் சேர்த்தால் உங்களுக்குக் காசு" என்று சொன்னால் அது போசாக்கு அல்ல, பிரமிட் வியாபாரம். இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் அது தடைசெய்யப்பட்டது. நுண்கடனில் ஏற்கனவே சிக்கிய பெண்களைத்தான் இந்த வலை தேடி வருகிறது. பொருள் பற்றிய முறைப்பாட்டை நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லலாம்.

நல்ல ஆலோசகரை அறிய

பதவி, பட்டம் எல்லாம் பார்த்த பிறகும், எதிரே இருப்பவர் உங்களுக்குப் பொருத்தமானவரா என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே அறியலாம். கவனிக்க வேண்டியவை:

1. அவர் சொல்லுமுன் கேட்கிறாரா? நேற்று என்ன சமைத்தீர்கள், வீட்டில் எத்தனை பேர், கிணறு உண்டா, கோழி உண்டா, மீன் யார் பிடிப்பது என்று கேட்காதவர் உங்களுக்குத் திட்டம் போட முடியாது.

2. வாகரையில் கிடைக்கும் சாப்பாட்டை வைத்துப் பேசுகிறாரா? அப்பிளும் ஓட்ஸும் சொல்பவரைவிட, நெத்தலி, சூடை மீன், முருங்கை, பொன்னாங்காணி, பயறு, கச்சான், குரக்கன், எருமைத் தயிர் என்று பேசுபவர் மேல். கருவாட்டை விடச் சொல்வது எல்லோராலும் முடியும். அது மட்டுமே கறியாக உள்ள வீட்டில் உப்பை எப்படிக் குறைப்பது என்று சொல்ல அறிவு வேண்டும்.

3. அளக்கிறாரா? நிறை, உயரம், இரத்த அறிக்கை பார்க்காமல் சொல்வது ஊகம்.

4. மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? வைத்தியர் அல்லாத ஒருவர் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. நாள், கிழமை குறித்து "இத்தனை கிலோ குறையும், வருத்தம் முற்றாக மாறும்" என்று சத்தியம் செய்கிறாரா? படித்தவர் அப்படிச் செய்ய மாட்டார்.

6. திரும்பி வர நாள் தருகிறாரா? போசாக்கு ஆலோசனை ஒரு நாளில் முடியாது. பலன் கிடைத்ததா என்று பார்க்காத ஆலோசனை பாதி ஆலோசனை.

7. உங்களை ஏசாமல் பேசுகிறாரா? "பிள்ளையை ஏன் இப்படி வைத்திருக்கிறாய்?" என்று ஏச்சு வாங்கிய தாய் அடுத்த மாதம் தராசுப் பக்கம் வரமாட்டார். அப்படி நடந்தால் வேறு உத்தியோகத்தரைப் பார்க்கவோ, எம்.ஓ.எச். பணிமனையில் சொல்லவோ உங்களுக்கு உரிமை உண்டு. கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போகும்போது கொண்டு போக வேண்டியவை

வாகரையில் இருந்து மட்டக்களப்பு நகரம் 60 கிலோமீற்றருக்கும் மேல். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடும் என்பதால் ஒரு பயணத்தில் வேலை முடிய வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு அல்லது பெரியவரின் கிளினிக் கொப்பி, கடைசி இரத்த அறிக்கை, பாவிக்கும் எல்லா மருந்துகளின் அட்டைகள், வாங்கிக் கொடுத்த சத்துமாப் பேணி இருந்தால் அதன் லேபிள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு முதல் மூன்று நாட்கள் காலையில் இருந்து இரவு வரை சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். வெறும் தேநீரும் பழஞ்சோறும் என்றால் அதையும் எழுதுங்கள். வெட்கப்பட்டு நல்ல சாப்பாடாக எழுதினால், இல்லாத சாப்பாட்டுக்கு ஆலோசனை கிடைக்கும். எழுத முடியாதவர் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால் எந்த நிபுணரின் தாளும் பசியை ஆற்றாது. அந்த நிலையை மிட்வைஃபிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் திறந்து சொல்ல வேண்டும். உதவித் திட்டங்களுக்கான பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகத்தில் தயாராகிறது. மெலிந்த பிள்ளை உள்ள வீடு என்ற சுகாதாரப் பதிவு அங்கே பேசுவதற்கு ஒரு ஆதாரம். பிள்ளையின் கோடு இறங்குகிறது என்பது தாயின் குற்றப்பத்திரிகை அல்ல. அந்த வீட்டுக்கு உதவி தேவை என்பதற்கான எழுத்துச் சாட்சி அது. பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த கிளினிக் நாளை அதன் அட்டையிலேயே குறித்து வையுங்கள்.